குழந்தைசாமிபேட்டைத் தண்ணீர்

இருசாயி முதன்முதலாகத் தலையில் உப்பு மூட்டையோடு பலாப்பாறைக்கு ஏறிப் போனபோது அங்கே ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியின் விளிம்பில், ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் அகலமாக ஒரு பாறை, பக்கத்தில் இரண்டு பலாமரம், அவ்வளவுதான். புதன்கிழமை மட்டும் அந்த மரத்தடியில் சந்தை. மலைக்காரர்கள் மிளகும் கடுக்காயும் தேனும் கொண்டுவந்து பரப்புவார்கள். கீழேயிருந்து போகிறவர்கள் உப்பும் கருப்பட்டியும் துணியும் கொண்டுபோவார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் கைமாறி முடிந்துவிடும். மலைக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போவார்கள். சுமைக்காரர்கள் பாறைமேல் படுத்திருந்து விடிந்ததும் இறங்குவார்கள். வியாழக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் அங்கே காக்கைகூட இருக்காது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம். இருசாயிக்கு இருபது வயது. கல்யாணமாகிக் காரவள்ளிக்கு வந்து ஆறு மாதம். புருஷன் சின்னான் டோலி தூக்குகிறவன். மலையேற மாட்டாத ஆபீசர்களையும் வியாபாரிகளையும் மூங்கிலில் தொங்கவிட்டு நாலு பேராகத் தோளில் சுமந்து போவான். பெண்களுக்குத் தலைச்சுமை. வண்டி போகிற தடம் காரவள்ளியோடு முடிந்துவிடும். அதற்குமேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை, ஐந்து மணி நேரம்.

இருசாயிக்கு ஒரு குணம் உண்டு. எதற்கெடுத்தாலும் குமட்டும். எச்சில் பட்ட சொம்பில் தண்ணீர் குடிக்க மாட்டாள். பக்கத்தில் ஒருவன் மூக்கைச் சிந்தினால் அவள் சோற்றை மூடி வைத்துவிடுவாள். சுமைக்காரிகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதிலும் அவளோடு எப்போதும் ஜோடியாக ஏறுகிற மாதம்மாள், "நீ அரமனையில பொறந்திருக்கோணும்டி, வழி தவறிக் காரவள்ளிக்கு வந்துட்ட" என்பாள்.

அன்றைக்கு மூட்டையை இறக்கியதும் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. பாறைக்குக் கீழே ஊற்று இருக்கிறது என்றார்கள். இறங்கிப் போனாள். இரண்டு பாறை சேருகிற இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்து, பெரிய அண்டா அளவு குழியில் நின்று, வழிந்து கீழே சாமை வயலுக்குப் போனது. குழியின் அடியில் கிடந்த மணலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவள் காலை வைக்கப் போனாள்.

"கால வெக்காத கண்ணு" என்று ஒரு குரல். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் பாப்பாயி. அந்த வயலும் அதை ஒட்டிய ஆறு வீடுகளும் அவள் புருஷன் கருப்பண்ணனின் பங்காளிகளுடையவை. "குடிக்கிற தண்ணியில்ல? நில்லு, மோந்து தாரேன்" என்று சுரைக்குடுக்கையைக் கழுவி, மொண்டு, தூக்கி ஊற்றினாள். குடுக்கையின் வாய் இருசாயியின் உதட்டில் படவில்லை. இருசாயிக்கு அது போதுமாயிருந்தது. இவளும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் முதலில் ஊற்றுக்குத்தான் இறங்குவாள்.

அதற்கப்புறம் குழந்தைசாமி வந்தார். அடிவாரத்தில் உப்பு வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு வாரமும் மீந்த உப்பைத் திரும்பச் சுமக்கவைப்பதற்குப் பதிலாக மேலேயே ஒரு கொட்டாய் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. போட்டார். மறு வருஷம் அந்தக் கொட்டாய்க்குத் தகரம் வந்தது. அப்புறம் மண்ணெண்ணெய் டின் வந்தது, தையல் மிஷின் வந்தது, நாவிதர் கடைக்குக் கண்ணாடி வந்தது, சாராயப் பீப்பாய் வந்தது. ஆறு வருஷத்தில் பாறைக்கு இரண்டு பக்கமும் மங்களூர் ஓடு வேய்ந்த கடைகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் காரவள்ளிக்காரர்களின் தலையிலும் தோளிலும் ஏறித்தான் போயின. அந்த ஊரில் இருசாயியின் கழுத்தை வலிக்கச் செய்யாமல் வந்த பொருள் ஏதாவது இருந்தால் அது இரண்டு பலாமரங்களாகத்தான் இருக்க முடியும். அவற்றையும் வெட்டிக் குழந்தைசாமி நிலைக்கதவு போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் துணி சுற்றிய பலகை ஒன்றைச் சுமந்துபோனாள். சேலத்தில் எழுதி வாங்கியது. கடைமேல் மாட்டிய பிறகு, "என்னங்க மொதலாளி எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

"ஊருப் பேரு."

"பலாப்பாறைன்னுங்களா?"

"பலாமரம் எங்க இருக்குது இப்ப? குழந்தைசாமிபேட்டை" என்று சொல்லி, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைச் சுவரில் துப்பினார்.

அந்தச் சுவர்ப் பக்கம் இருசாயி திரும்பவே மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் துப்பித் துப்பி, சிவப்பின்மேல் கறுப்பும் கறுப்பின்மேல் சிவப்புமாகத் தடித்து, வெயிலில் பொருக்கு விட்டிருந்தது. பக்கத்திலேயே திறந்த கருப்பட்டிப் பெட்டி. அதன்மேல் ஈ. ஈயை ஓட்டின கையாலேயே கருப்பட்டியை எடுத்துக் கொடுப்பார். சாராயக் கடைக்கு எதிரில் மலைக்காரர்கள் தாங்கள் எடுத்த வாந்தியிலேயே தலை வைத்துக் கிடந்தார்கள். கருப்பண்ணனையே ஒருதரம் அப்படிப் பார்த்தாள். கறிக்கடைக்காரன் குடலை ஊற்றுக் குழியிலேயே கொண்டுபோய் அலசினான். இருசாயி அவனோடு மல்லுக்கு நின்றாள். "சீ, நீயெல்லாம் மனுசனா? குடிக்கிற தண்ணியில பீக்கொடலக் கழுவறியே!" என்று கத்தினாள். அவன் சிரித்தான். பாப்பாயி வயலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தன அழுக்கும் எங்கிருந்து வந்துச்சு?" என்று வீட்டுக்கு வந்து சின்னானிடம் கேட்பாள்.

"கூட்டம் வந்தா அழுக்கு வருமில்ல" என்பான் அவன். டோலியில் குழந்தைசாமியைத் தூக்கித் தூக்கி அவன் தோளில் கல்லுப் போல ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. முன்பெல்லாம் நாலு பேர் தூக்கிய குழந்தைசாமிக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தது. மேலேயிருந்து அவர் துப்புவது சில சமயம் சின்னானின் முதுகில் விழும். ஆற்றில் குளித்துவிட்டு வந்தாலும் இருசாயி அவன் முதுகைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

முப்பத்தைந்தாம் வருஷம் வைகாசியில் நாலு நாள் விடாமல் மழை. அடுத்த புதன்கிழமைச் சந்தைக்கு மறுநாள், விடிகாலையில், பாப்பாயியின் வீட்டில் வாந்திபேதி கண்டது. கருப்பண்ணன் மத்தியானத்துக்குள் போய்விட்டான். அந்த ஆறு வீட்டில் ஐந்து பேர் போனார்கள். பேட்டையில் தையல்காரன் போனான், கறிக்கடைக்காரனும் போனான்.

இருசாயியும் மாதம்மாளும் அன்றைக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில், சுமையை இறக்கி வைக்க நட்டிருக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மாதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் விலகி இறங்கிவிட்டார்கள். இருசாயி மட்டும் இருந்தாள். தன் முந்தானையைக் கிழித்துத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கிழிக்கத் துணி தீர்ந்ததும் இலையால் துடைத்தாள். எச்சில் சொம்புக்குக் குமட்டுகிறவளுக்கு அன்றைக்கு ஒன்றுமே குமட்டவில்லை. "அரமனக்காரி" என்று மாதம்மாள் சொல்லப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வேறு யாரோ மாதிரி இருந்தாள். இருசாயி அவளைத் தாங்கித் தாங்கி இறக்கிக்கொண்டு, காரவள்ளியின் மாட்டு வண்டி மணிச் சத்தம் கேட்கிற தூரத்துக்கு வந்தபோது அவள் மூச்சு நின்றது.

ஒரு மாதம் சந்தை கூடவில்லை. அந்த ஒரு மாதத்தில் குழந்தைசாமி சும்மா இருக்கவில்லை. மலைக்காரன் குளிக்க மாட்டான், ஆட்டோடும் கோழியோடும் படுப்பான், அவன் குடிசைகள் ஊற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் தண்ணீர் கெட்டு நோய் வந்தது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதையே மனுவாக எழுதியும் அனுப்பினார். அந்த ஆறு வீடுகளையும் அப்புறப்படுத்தி, வயலைச் சர்க்கார் எடுத்து, ஊற்றைப் பேட்டைக்குச் சொந்தமான குளமாகக் கட்டித் தரவேண்டும் என்று மனு. சேலத்திலிருந்து சுகாதார ஆபீசர் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

இதைச் சொல்லத்தான் இருசாயி பாப்பாயியின் வீட்டுக்குப் போனாள். வாசலில் சாணம் தெளித்து, சுவரில் செம்மண் பூசி, எப்போதும் போல வீடு துப்புரவாக இருந்தது. உள்ளே ஆள்தான் குறைவு.

"உங்களாலதான் நோவுன்னு சொல்றாங்கக்கா. எனக்குக் கேக்கக் கேக்கப் பத்திக்கிட்டு வருது. அந்தக் கறிக்கடைக்காரன், அந்தக் குடிகாரனுங்க, அந்தத் துப்பல் மொதலாளி, இவனுங்க பண்ணுன அழுக்குக்கு உங்க தலையில பழியா?"

பாப்பாயி அவள் முகத்தைப் பார்த்தாள். "கறிக்கடைக்காரன் கழுவுனது கீழ வழிஞ்சு வயலுக்குப் போயிரும் கண்ணு. ஊத்துக்குள்ள வாரது மேலிருந்து வாரது" என்றாள். "உனக்கு நெசமாத் தெரியாதா?"

"என்ன தெரியாதுங்க?"

பாப்பாயி எழுந்தாள். ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்து அதில் இரண்டு கை செம்மண்ணைப் போட்டுக் கலக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா" என்றாள்.

கடைவரிசையைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தாள். அவள் போகிற திசையைப் பார்த்ததும் இருசாயியின் கால் தயங்கியது. மேல்பாறைக்குப் பின்னால், உண்ணிப்புதர் அடர்ந்த பள்ளம். நாலு பக்கமும் மறைவு. சுமைக்காரிகள் விடிகாலையில் ஒதுங்குகிற இடம். முதல் முதலில் பெண்கள் சுமை எடுத்து வந்தபோது, காரவள்ளியில் சுமைக்கு ஆள் பிரித்து அனுப்புகிற பழனிமுத்து மேஸ்திரி காட்டிவிட்ட இடம். இருபது முப்பது பெண்கள், வாரா வாரம். இப்போது பேட்டையில் குடியிருக்கிற குடும்பங்களும் அங்கேதான். மழை ஓய்ந்து ஒரு மாதமாகியும் பள்ளத்தில் கால் வைக்க இடம் இல்லை. நாற்றம் எட்ட இருக்கும்போதே முகத்தில் அடித்தது.

பாப்பாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஓரமாகவே போய், பள்ளத்தின் அடியில் ஒரு பாறைப் பிளவைக் காட்டினாள். ஒரு கை நுழைகிற பிளவு. குடத்தைச் சாய்த்தாள். செம்மண் தண்ணீர் களகளவென்று உள்ளே இறங்கியது. எங்கேயோ ஆழத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எறங்கு."

இரண்டு பேரும் ஊற்றுக்கு இறங்கிவந்து குழிக்கருகில் உட்கார்ந்தார்கள். பாப்பாயி வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள். அவள் அதை மென்று முடிக்கவில்லை. பாறை இடுக்கிலிருந்து முதலில் நூல் போல, பிறகு கயிறு போலச் சிவப்பாக வந்தது. குழியில் பரவியது.

இருசாயி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். ஊற்றை விட்டுத் தள்ளிப் போகவேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. வயல் வரப்பைத் தாண்டி விழுந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம். விடிகாலையில் மேலே ஒதுங்குவாள். ஐந்தாறு நாள் கழித்து ஏறி வந்து கீழே அதையே குடிப்பாள். மாதம்மாளும் குடித்தாள். இந்த வீட்டுப் பிள்ளைகளும் குடித்தார்கள். எவனெவனைப் பார்த்தோ சீ சீ என்று சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லக்கூடாதாக்கா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?" என்று அழுதாள்.

"சொன்னம் கண்ணு. அந்தப் பள்ளத்துல எங்க ஆளுங்க கால்கூட வெக்க மாட்டாங்க. ஊத்துக்குத் தலமாடு அது. எங்கூட்டுக்காரர் போயி உங்க மேஸ்திரிகிட்டச் சொன்னாரு. மொதலாளிகிட்ட ரெண்டு தரம் சொன்னாரு. ரெண்டாந் தரம் போனப்பதான் சாராயத்தக் குடுத்து உக்கார வெச்சுட்டாங்க." பாப்பாயியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "உங்களுக்கெல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் செய்யறீங்கன்னு நெனச்சிருந்தேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இருசாயியை அறுத்தது. பன்னிரண்டு வருஷமாகக் குடுக்கையைக் கழுவிக் கழுவித் தூக்கி ஊற்றினவள், இப்படி நினைத்துக்கொண்டே ஊற்றியிருக்கிறாள்.

காரவள்ளிக்கு இறங்கியதும் நேராகப் பழனிமுத்து மேஸ்திரியின் வீட்டுக்குப் போனாள்.

"அங்கதான் தண்ணி எறங்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பழனிமுத்து அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மலைக்காரன் ஆயிரஞ் சொல்லுவான். பொம்பளைங்களுக்கு மறைவா எடம் வேணுமுன்னு கேட்டீங்க, காட்டுனேன். வேற எங்க போவீங்க? மொதலாளி கட வாசல்லயா?"

"எடத்த மாத்தியிருக்கலாமில்லீங்க?"

"மாத்தலாம். கீழ்ச்சரிவு அர மைலு. போயிட்டு வந்து எறங்கறதுக்குள்ள வெயில் ஏறிரும். அடுத்த சும கெட்டுப்போகும்." பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "இத நீ வெளிய பேசாத இருசாயி. பேசுனா ஆருக்கு அசிங்கம்? உனக்கும் இந்த ஊருப் பொம்பளைங்களுக்குந்தான்."

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்கே தெரிந்தது. அதனால்தான் அவள் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஆக்கின சோற்றை இறக்கி வைத்துவிட்டுப் பட்டினி கிடந்தாள். சின்னான் என்னவென்று கேட்டான். சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நானும் குடிச்சிருக்கேனே" என்று மட்டும் சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

ஆபீசர் வந்த அன்றைக்குப் பேட்டையில் தோரணம் கட்டியிருந்தார்கள். துப்பல் சுவருக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சிவப்பு கசிந்துகொண்டுதான் இருந்தது. சின்னானும் இன்னும் மூன்று பேரும் ஆபீசரை டோலியில் தூக்கிவந்து இறக்கினார்கள். ஒல்லியான மனிதர், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி. தமிழ்க்காரர்தான். ஏறி வந்த அத்தனை சுமைக்காரர்களும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். ஓரத்தில் பாப்பாயியும் மிச்சமிருந்த அவள் ஆட்களும்.

குழந்தைசாமியின் குமாஸ்தா ஒரு காகிதத்தை விரித்துப் படித்தான். "இப்பேட்டையின் சரித்திரம்" என்று ஆரம்பித்தான். இவ்விடம் முற்காலத்தில் துஷ்ட மிருகங்கள் வசிக்கும் கொடிய வனமாயிருந்தது என்றும், நாகரிகம் அறியாத சில மலைவாசிகள் தவிர மனித சஞ்சாரமே இல்லையென்றும், ஸ்ரீமான் குழந்தைசாமி அவர்கள் திருவடி பட்ட பிறகே இங்கே வீதியும் விளக்கும் உண்டாயின என்றும் படித்தான். "இந்நகர நிர்மாணம் முழுவதையும் அன்னார் தம் தலைமேற்கொண்டு..." என்று அவன் நீட்டியபோது பின்னால் நின்ற சுமைக்காரிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பழனிமுத்து திரும்பி முறைத்தான். கடைசியில் மலைவாசிகளின் அசுத்தப் பழக்கங்களால் ஜலம் கெட்டு, பேட்டை ஜனங்கள் மாண்டார்கள் என்று முடித்தான்.

"அந்த வீடுகள் எவை?" என்று ஆபீசர் கேட்டார்.

குழந்தைசாமி கை நீட்டிக் காட்டினார். "அதோ, அந்த ஆறு குடிசைங்க. இவங்க குளிக்கவே மாட்டாங்க சார். கிட்டப் போனாலே நாத்தம்."

பாப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். குளித்து, வெளுத்த சேலை உடுத்தி வந்திருந்தாள் அவள். பக்கத்தில் நின்று இவள் குளிக்க மாட்டாள் என்று சொல்கிற ஆளின் வேட்டி நுனியில் வெற்றிலைக் கறை. இருசாயிக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பித் தொண்டைக்கு வந்தது. வாந்தி என்று நினைத்தாள். வார்த்தையாக வந்தது.

"அவங்க இல்லீங்க சாமி. நாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். முன்னால் வந்துவிட்டாள், இனி பின்னால் போக முடியாது.

"சுமக்காரிங்க நாங்கதானுங்க. அந்த மேல்பாறைக்குப் பின்னால பள்ளத்துல பன்னண்டு வருசமா நாங்கதான் பேண்டு வெச்சோம். நானுந்தான். பேட்டைக்காரங்களும் அங்கதான். அது பூரா மழையில கரைஞ்சு பாறை வழியா ஊத்துக்கு எறங்குது. அதத்தான் எல்லாருங் குடிச்சோம்."

பின்னாலிருந்து, "அடி பாவி, மானத்த வாங்கறாளே" என்று ஒரு சுமைக்காரி சொன்னாள். ஆண்கள் யாரோ சிரித்தார்கள். குழந்தைசாமி, "கிறுக்குப் புடிச்சவ சார், கூட்டாளி செத்ததுல இருந்து இப்படித்தான் ஒளர்றா" என்று சொல்லிப் பழனிமுத்துவைப் பார்த்தார். பழனிமுத்து அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தான்.

"கைய எடுங்க மேஸ்திரி" என்றான் சின்னான். டோலி மூங்கிலை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அவன் அசையவில்லை. ஆனால் அவன் குரல் உயர்ந்து காரவள்ளியில் யாரும் கேட்டதில்லை. பழனிமுத்து கையை எடுத்துவிட்டான்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதற்கு என்ன அத்தாட்சி?" என்று இருசாயியையே கேட்டார்.

"ஒரு கொடஞ் செம்மண்ணுத் தண்ணி போதுமுங்க."

பாப்பாயி போய்க் குடத்தைக் கலக்கி எடுத்துவந்தாள். ஆபீசர் தன் பியூனைக் குடத்தோடு மேலே அனுப்பிவிட்டு, தானும் பின்னாலேயே போனார். பள்ளத்தின் விளிம்புவரை போனவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகத் திரும்பிவந்தார். ஊற்றுக் குழிக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர்களும் மலைக்காரர்களும் சுமைக்காரர்களும் சுற்றி நின்றார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பாறையிலிருந்து சிவப்பு இறங்கியது.

கூட்டத்தில் முதலில் வாந்தி எடுத்தது குமாஸ்தா. கொஞ்சம் முன்னால்தான் அதே தண்ணீரைக் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு சரித்திரம் படித்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். குழந்தைசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டுக்கு மட்டும் முக்கால் மைல் தள்ளியிருந்த ஓடையிலிருந்து தினமும் இரண்டு குடம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் இருசாயிக்குத் தெரியவந்தது. பாப்பாயியின் கொழுந்தன் ஆபீசரிடம் அதைச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார், குறித்துக்கொள்ளவில்லை.

அந்த ஆறு வீடுகளையும் வயலையும் எடுக்க வேண்டியதில்லை என்று ஆபீசர் எழுதிவிட்டுப் போனார். அவ்வளவு நடந்தது. பள்ளத்தைச் சுற்றி வேலி போடவும், ஊற்றில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டி யாரும் தொடாமல் மூடவும், கீழ்ச்சரிவில் ஒதுங்க இடம் கட்டவும் உத்தரவானது. சுண்ணாம்பு மூட்டைகளும் காரவள்ளித் தலைகளில்தான் ஏறின. இருசாயிக்கு மட்டும் சுமை கொடுக்கவேண்டாம் என்று குழந்தைசாமி சொல்லிவிட்டார். சுமைக்காரிகளும் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர்த் துறைக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். மலையில் பீ பேண்ட கதையைச் சபையில் சொன்னவள் என்று பக்கத்து ஊர்வரை பேர் போய்விட்டது. அவர்களும் அங்கேதான் ஒதுங்கினார்கள், அவர்களும் அதைத்தான் குடித்தார்கள். அதைச் சொன்னதுதான் அவர்களுக்கு அருவருப்பு. இருசாயி யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை, தன்மேல் இருந்த கோபம் குறையவும் இல்லை.

ஆறே மாதத்தில் குழந்தைசாமி அந்த ஓடையிலிருந்து பேட்டைக்கு இரும்புக் குழாய் வைத்தார். குழாயின்மேல் தன் பெயரைப் பொறித்துக் கல் வைத்தார். சந்தை முன்னைவிடப் பெரிதாகக் கூடியது. வாந்திபேதியில் செத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாப்பாயியின் ஆட்கள் இருக்கவில்லை. சுண்ணாம்பு கொட்டி மூடின ஊற்றுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது? குழாய்த் தண்ணீரைக் குடிக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. தேவனூர் நாட்டில் பாப்பாயியின் அண்ணன் காடு திருத்திக்கொண்டிருந்தான், அங்கே போகலாம் என்று முடிவு பண்ணினார்கள். செய்தி கேட்டு இருசாயி சும்மாட்டை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏறினாள். கூப்பிடாமல் வந்து நிற்கிறவளைப் பாப்பாயி உள்ளே அழைத்துப்போனாள். மூலையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் காட்டினாள். எல்லாவற்றிலும் கனமானது அது.

இருசாயி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒன்றரை நாள் நடந்தாள். ஓரிடத்தில் பாப்பாயி, "அன்னிக்கு எங்களுக்காகப் பேசுன. நான் உனக்கு ஒரு நல்ல வார்த்தகூடச் சொல்லல" என்றாள்.

"வேண்டாங்கக்கா."

"சொல்ல வரல கண்ணு. எங்கூட்டுக்காரர் மொகம் முன்னால வந்து நிக்குது. அதான்."

இருசாயி ஆட்டுக்கல்லின் கீழே கழுத்தை அசைக்க முடியாமல், ஆமாம் என்பதுபோல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். அது அவளுக்குப் புரிந்தது. நல்ல வார்த்தை வந்திருந்தால்தான் அவளால் தாங்கியிருக்க முடியாது.

தேவனூர் நாட்டில் புதுக் கொட்டாயில் அன்று சாமைச்சோறும் கீரையும் ஆக்கினார்கள். உட்காருவதற்கு முன்னால் இருசாயி கை கழுவினாள். மறுபடி கழுவினாள். மூன்றாம் தடவை பாப்பாயி சொம்பை வாங்கிக்கொண்டாள். "போதும், தோலு உரிஞ்சிரும். சாப்புடு" என்றாள். இருசாயி சாப்பிட்டாள். ஒவ்வொரு உருண்டையும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. ஆனால் இலையில் மிச்சம் வைக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினாள். பலாப்பாறை வழியாகப் போனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் காரவள்ளி. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெரியாத மனிதர்களிடம் வழி கேட்டுக் கேட்டு, மலையின் மறுபுறச் சரிவில் இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் வீடு போய்ச் சேர்ந்தாள்.